இருபத்தேழு சதவீதத் தாகம்

டமார்!

அலமாரிதான் சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினாள் பெரியவள். அலமாரி நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. அதற்குப் பக்கத்தில், ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து தரைவரை சுவர் பிளந்திருந்தது. பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து பாய்களின் மேல் விழ, அறை முழுவதும் வெள்ளைப் புழுதி.

அறையில் பதினோரு குழந்தைகள். மூத்ததற்கு நான்கு வயது.

பெரியவள் அலறவில்லை. கையைத் தட்டினாள்.

"ரயில் கிளம்புது! ஏறாதவங்களுக்கு பிஸ்கட் கிடையாது!"

முன்னால் இருப்பவரின் சட்டையைப் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள, ரயில் இருமிக்கொண்டே முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்துதான். உள்ளே ஓடினாள். விரிசலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள் குண்டூசி. ஆள் சின்னது, குத்தல் பெரிது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"பெரிம்மா, இந்த வழியா வெளியே தெரியுது!"

அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மறுபடி எண்ணினாள் பெரியவள். பதினொன்று.

அந்த வீட்டுக்கு இரண்டு பாதி. அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கி, நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டது. அண்ணனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வீட்டில். அவர் மனைவி பெரியவள், தன் பாதியின் பின்னறையில் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப் போவார்கள். ஒன்பது வருஷமாக அவள் உலகமே அதுதான்.

தம்பி எலக்ட்ரீஷியன். அவர் மனைவி சின்னவளுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கட்டடம் எழும்புமுன் தோண்டி எடுத்துவரும் மண்ணை நிறுத்து, உலர்த்தி, ஜாடியில் அடைத்து, அது எவ்வளவு தாங்கும், எப்போது காலை வாரும் என்று சொல்வது அவள் தொழில். காப்பகத்துக் குழந்தைகளுக்கு அவள் 'மண்ணுச் சித்தி'.

ஓரகத்திகள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே சோப்புக் கட்டியைப் பங்கு போட்டவர்கள். பதினான்கு மாதம் முன்பு வந்தது ஒரு தண்ணீர்ச் சண்டை. பெரியவள் தினமும் குழந்தைகளின் துணியை அலசி, அலசிய தண்ணீரைப் பின்சுவர் ஓரமாக வீசி ஊற்றுவாள். சின்னவள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்ச் சோதித்தாள். ஈரம் முப்பத்தாறு சதவீதம்.

"அஸ்திவாரத்துல தண்ணி நிக்கக் கூடாதுக்கா. இது மண்ணு இல்ல, சேறு" என்று காகிதத்தை நீட்டினாள்.

"இத்தனை வருஷம் சுவர் நல்லாத்தானே நின்னுது?"

"நிக்கும், நிக்கும். ஒருநாள் உக்காந்துடும்" என்று சிரித்தாள் சின்னவள்.

அந்தச் சிரிப்புதான் வினை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தம்பி, துவைக்கும் இடத்திலிருந்து தெருச் சாக்கடைவரை ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்துவிட்டார். அன்றிலிருந்து சுவரோரம் ஒரு சொட்டு விழவில்லை. அன்றிலிருந்து பெரியவள் சின்னவளை 'நீங்க' என்றுதான் அழைத்தாள். "படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஒவ்வொரு 'ங்க'வும் ஒரு கிள்ளு.

சுவர் பிளந்த அன்று, செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, கட்டட ஆய்வாளர் வந்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். பேனாவால் சுவரைத் தட்டினார். "அடியில ஈரம் ஏறியிருக்கும்" என்றார். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். பத்து நாள் அவகாசம். விரிசலுக்குக் காரணம் என்ன, சரிசெய்ய வழி என்ன, அந்த வழியால் விரிசல் நிற்கிறதா? மூன்றுக்கும் பதில் வேண்டும். இல்லாவிட்டால் காப்பகத்தின் அனுமதி ரத்து.

"அதுவரைக்கும் குழந்தைங்களை நான் எங்க வெச்சுக்குறது?" என்றாள் பெரியவள்.

"சுவர் நல்லா இருக்கிற இடத்துல வெச்சுக்குங்கம்மா."

எல்லார் கண்ணும் சின்னவளின் ஹாலுக்குப் போயிற்று. அந்த ஹாலில் கண்ணாடி மேஜை இருந்தது. வெளிர்நிற சோபா இருந்தது.

"கொண்டு வாங்கக்கா" என்றாள் சின்னவள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் கண்ணாடி மேஜை மாடிக்குப் போனது. ஒன்பது மணிக்குள் சோபாவின் நிறம் மாறியது.

சின்னவள் அரைநாள் விடுப்புப் போட்டாள். முதலில் விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு ஆணி அடித்து, கூடத்திலிருந்து கொண்டுவந்த வெர்னியர் அளவுகோலால் இடைவெளியை அளந்தாள். ஆறு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். சுவரிலேயே சாக்பீஸால் 'புதன் 6.2' என்று எழுதினாள். பிறகு துளைக்கருவியைத் திருகி இரண்டு இடத்தில் மண் எடுத்தாள். பிளந்த சுவருக்கு அடியில் கன்னங்கரேலென்று களிமண், கையை விட்டுப் போகமாட்டேன் என்று ஒட்டியது. அவள் பக்கத்துச் சுவரடியில், எப்போதோ எவரோ பள்ளத்தை நிரப்பப் போட்ட மணல். பொலபொலவென்று உதிர்ந்தது.

பக்கத்தில் குண்டூசி குந்தி உட்கார்ந்து மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"போஸ்ட் போடுறேன்."

சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. பச்சைக் கிரேயான் உள்ளே போயிற்று. சிவப்பும் போயிற்று. சின்னவள் எஃகு ஸ்கேலை நுழைத்தாள். இருபத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் கிரேயானில் இடித்தது.

அவளுக்குள் ஏதோ உறுத்தியது. தண்ணீர் குடித்து ஊறிய களிமண் உப்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டல்லவா நிற்க வேண்டும்? இது சுவரை விட்டு விலகிப் போயிருக்கிறதே!

ஈரம் பார்க்க அடுப்பில் வைத்து உலர்த்தும் சோதனை மட்டும் செய்வதாகத்தான் இருந்தாள். இப்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு மண்ணிலிருந்தும் கட்டிகள் வெட்டி, கட்டிகளுக்கு நடுவே ஈரத்தை உறிஞ்சும் மூன்று வடிதாள்களை அடுக்கி, ஜாடியில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கூடத்தின் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கினாள். ஏழு நாள் அதைத் திறக்கக் கூடாது.

வியாழக்கிழமை அடுப்பு பதில் சொல்லிவிட்டது. பிளந்த பக்கம் ஈரம் இருபத்தேழு சதவீதம். அவள் பக்கம் பன்னிரண்டு.

"பாத்தியா!" சமையலறையில் காகிதத்தைப் பார்த்த அவள் கணவர் துள்ளினார். "ரெண்டு மடங்குக்கு மேல! அண்ணி பக்கம் இன்னும் தண்ணி நிக்குது. சனிக்கிழமை பள்ளம் வெட்டி வடிச்சு விட்டுடறேன். மண்வெட்டி கூட கேட்டு வாங்கிட்டேன்."

"மண்வெட்டியைக் கீழ வைங்க. அந்த மண்ணு தாகத்துல இருக்கோன்னு எனக்குச் சந்தேகம்."

"இருபத்தேழு சதவீதம் தண்ணிய வெச்சுக்கிட்டா தாகம்?"

"நடுக்கடல்ல நிக்கறவனுக்குத் தாகம் எடுக்காதா? மணல் ஊதாரிங்க. பன்னெண்டு இருந்தாலும் கேட்டா கொடுத்துடும். களிமண் மகா கஞ்சன். அதோட துகள் ஒவ்வொண்ணும் தண்ணிய இறுக்கிப் பிடிச்சுக்கும். பெட்டி நிறைய இருக்கும், ஒரு சொட்டு வெளிய வராது. அதுக்கு மேலயும் கொண்டா கொண்டான்னு இழுக்கும். இருக்கிறது எவ்வளவுன்னு அடுப்பு சொல்லும். இன்னும் எவ்வளவு கேக்குதுன்னு ஜாடிதான் சொல்லும்."

"கேட்டுக் கொடுக்கலைன்னா?"

"சுருங்கும். சுருங்கினா மேல நிக்கிற சுவர் என்ன பண்ணும்? நீங்க பள்ளம் வெட்டினா இன்னும் காயும். புதன்கிழமை வரைக்கும் பொறுங்க."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த பெரியவள், க்ளிப்பைப் பல்லில் கடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு க்ளிப்பை எடுத்துத் துணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாட்கள் நகர்ந்தன. சின்னவள் தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து சுவரில் எழுதினாள். வியாழன் 6.4. வெள்ளி 6.5. திங்கட்கிழமைக்குள் மூன்று அம்மாக்கள் வந்து, சங்கடத்தோடு பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு குழந்தைகளை வேறு இடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மீதி அம்மாக்களும் வெள்ளிக்கிழமைவரைதான் பொறுப்பதாகச் சொன்னார்கள். ரயிலில் எட்டே பெட்டி. "எஞ்சின் நான் இருக்கேன்ல, ஓடும்" என்று பெரியவள் குழந்தைகளிடம் சொன்னாள். ஆனால் மத்தியானம் அவர்கள் தூங்கும்போது, காலியான மூன்று பாய்களைச் சுருட்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு நடுவே கணவருக்கு ஒரு தனிக் கவலை. ஞாயிற்றுக்கிழமை தெருவில் மண்டியிட்டு, தான் பதித்த குழாயின் வாயில் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா இதுல சொட்டுத் தண்ணி வரல அண்ணி. உள்ள எலி கிலி செத்துக் கெடக்குமோ?"

"எலியாத்தான் இருக்கும். நல்லாத் தேடுங்க தம்பி" என்றாள் பெரியவள்.

அவர் ஒரு மணி நேரம் தேடினார். எலி கிடைக்கவில்லை.

புதன்கிழமை. சின்னவள் ஜாடிகளைத் திறந்தாள். அவள் பக்கத்து மணலில், இடுக்கியால் எடுத்த நடுத்தாள் மழையில் நனைந்த பஸ் டிக்கெட்டைப் போலத் துவண்டது. ஈரம் பன்னிரண்டே சதவீதம் இருந்த மண், தாள் கேட்டதைக் கொடுத்துவிட்டிருந்தது.

களிமண் ஜாடியின் நடுத்தாள் விறைப்பாக நின்றது, தாள்கட்டிலிருந்து அப்போதுதான் உருவியதைப் போல. கட்டியைத் தொட்டால் விரலில் ஈரம் படுகிறது. அதை ஏழு நாள் கட்டிப்பிடித்துக் கிடந்த தாளுக்கோ வழங்கியது கொஞ்சமே கொஞ்சம்.

காற்றின் ஈரம் ஏறுமுன் விறுவிறுவென்று தாள்களை எடை போட்டாள். அட்டவணையைப் பார்த்தாள். கூடத்தில் அதற்கு உறிஞ்சு விசை என்று பெயர். மணலைவிட நூறு மடங்குக்கும் மேல். செடியின் வேர்கூட, 'இனி உன்னிடமிருந்து உறிஞ்ச என்னால் ஆகாது' என்று கைவிடுகிற எல்லையைத் தாண்டியிருந்தது.

சின்னவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு முப்பத்தாறு. இன்றைக்கு இருபத்தேழு. அந்த முப்பத்தாறு சேறு இல்லை. களிமண் வயிறார இருந்த நிலை. ஏழெட்டு வருஷம் தினமும் இரண்டு வாளி குடித்து, அதே அளவில் உப்பி, சுவரைத் தாங்கி நின்ற மண். அதன் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்கியது யார்? அவள் போடச் சொன்ன குழாய். அன்றைக்கு அவள் அடுப்பில் மட்டும்தான் வைத்தாள். நம் வீட்டு மண்தானே, இதற்குப் போய் ஏழு நாள் காத்திருப்பதா என்று ஜாடியில் போடவில்லை. அடுத்தவர் மண் என்றால் போட்டிருப்பாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தாள். 'சுவரடி மண்ணில் ஈரம் குறைந்ததால் களிமண் சுருங்கி' என்று எழுதினாள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். பேனாவை மூடினாள். மூடிய பேனாவைத் திறந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வரி சேர்த்தாள்.

அந்த வரியைப் பெரியவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். பெரியவள் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்றாள். அந்த 'ங்க' குத்தியது. "இல்லக்கா, சும்மா" என்று வந்துவிட்டாள். வியாழக்கிழமையும் அதே கதை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். அறிக்கையைப் படித்தவர் கடைசி வரியில் நின்றார்.

"இது என்னம்மா? சத்தமாப் படிங்க, எனக்குச் சரியாப் புரிஞ்சுதான்னு பாக்கணும்."

சின்னவள் வாங்கிக்கொண்டாள். "பதினான்கு மாதங்களுக்கு முன், இந்த மண்ணின் உறிஞ்சு விசையை அளக்காமல், ஈரத்தின் அளவை மட்டும் வைத்து, சுவரோரம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னவள் நானே. அந்த ஆலோசனை தவறானது. விரிசலுக்கு அதுவே காரணம்."

கணவர் வாயைப் பிளந்தார். பெரியவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை எழுதணும்னு அவசியமே இல்லையேம்மா" என்றார் ஆய்வாளர்.

"நோய் எப்படி வந்துதுன்னு சொல்லாம மருந்தை மட்டும் எழுதினா யார் சார் நம்புவாங்க?"

"சரி, தண்ணி விட்டா பழையபடி மூடிக்குமா?"

"போன வழியில திரும்பி வராது சார். காயும்போது ஒரு கோடு, நனையும்போது வேற கோடு. அதே அளவு தாகத்துல, காஞ்சுட்டு வரும்போது பிடிச்சு வெச்சிருந்த தண்ணிய, நனைஞ்சுட்டு வரும்போது பிடிச்சுக்காது. மெதுவா, சுவர் நீளத்துக்கும் சமமா, விடாம கொடுக்கணும். முழுசா மூடாது. ஆனா வளராம நிக்கும். அப்புறம் பூசிக்கலாம்."

ஆய்வாளர் தாடையைச் சொறிந்தார். "உங்க பேச்சுல குறை சொல்ல முடியல. ஆனா காகிதத்தை நம்பி குழந்தைங்களை உள்ள விட முடியாதும்மா. கொடுத்துப் பாத்தீங்களா? நின்னுதா? அதுதானே நோட்டீஸ்ல மூணாவது கேள்வி."

"புதன்கிழமைதான் சார் முடிவு தெரிஞ்சுது. நீங்க பாக்காம எதையும் மாத்தக் கூடாதுன்னு இருந்தேன்."

"அப்ப இன்னும் பத்து நாள் ஆகும்."

இன்னும் பத்து நாள் என்றால் எட்டுப் பெட்டியும் கழன்றுவிடும். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வாளர் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். சாக்பீஸ் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"வெள்ளி ஆறு புள்ளி அஞ்சு. சனி, ஞாயிறு அதே அஞ்சு. திங்கள் நாலு… புதன் ரெண்டு… இன்னிக்கு வெறும் ஆறு மில்லிமீட்டர். குறைஞ்சுட்டு வந்திருக்கே! போன வெள்ளிக்கிழமை என்னம்மா பண்ணீங்க?"

"அதுதான் சார் எனக்கும் புரியல. அளவுகோல்ல கோளாறோன்னு ரெண்டு தடவை மாத்திக்கூடப் பாத்துட்டேன்."

"அளவுகோல் நல்லாத்தான் இருக்கு சார்" என்றது ஒரு குரல்.

பெரியவள் தூணை விட்டு வந்து நின்றாள்.

"போன வெள்ளிக்கிழமைலேர்ந்து நான் ஊத்துறேன். துணி அலசின தண்ணி, தினம் ரெண்டு வாளி. இவ வேலைக்குப் போனப்புறம், அந்த இடைவெளி ஓரமாவே, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா. உள்ள போயிடும், மேல ஈரமே தெரியாது."

"அப்ப குழாய்ல எலி?" என்றார் கணவர் பரிதாபமாக.

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார். மூன்று மாதம் தினமும் அளவெடுத்து அனுப்ப வேண்டும், பூச்சு வேலை முடியும்வரை அந்த மூலையில் குழந்தைகளின் பாய் கூடாது என்று இரண்டு நிபந்தனை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவிலிருந்த நோட்டீஸைத் தானே கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹாலில் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. குண்டூசிதான் எஞ்சின்.

ஆய்வாளர் போன பிறகு, சின்னவள் சாக்பீஸைக் கையில் வைத்து உருட்டியபடி கேட்டாள். "ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை நாளா மண்டையைப் பிச்சுக்கிட்டேனே!"

பெரியவள் வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லியிருந்தா நீ மறுபடி என்கூட சண்டைதான் போட்டிருப்பே, மண்ணைப் பாத்திருக்க மாட்டேடி!"